உழைத்த காசுக்கு ஒரு சட்டம்

2017 மே மாதத்துக்கு முன் நியூயார்க் நகரத்தில், தனியாகத் தொழில் செய்யும் ஒரு டிசைனருக்குப் பணம் வராவிட்டால் என்ன வழி இருந்தது?

லோகோ முடிந்தது. கிளையண்ட் சொன்ன கரெக்‌ஷன் எல்லாம் போட்டாகிவிட்டது. ஃபைல் போய்விட்டது, இன்வாய்ஸும் போய்விட்டது. கடைப் பலகையில் லோகோ ஏறி, விசிட்டிங் கார்டும் அச்சாகிவிட்டது. பணம் மட்டும் வரவில்லை. போன் செய்தால், “அக்கவுண்ட்ஸில் கேட்டுச் சொல்கிறோம்.” அடுத்த மாதம், “பில்லை மறுபடி ஒருமுறை அனுப்புங்கள்.” அதற்கும் பிறகு, “பாதியை இப்போதே வாங்கிக்கொள்ளுங்கள், கணக்கை முடித்துக்கொள்வோம்.” வாடகைக்குத் தவிக்கும் ஆள் அந்தப் பாதிக்குத் தலையாட்டிவிடுவார்.

அதே நிறுவனத்தில் மாதச் சம்பளத்துக்கு இருக்கும் டிசைனருக்குச் சம்பளம் நின்றால் தொழிலாளர் துறையில் புகார் கொடுக்கலாம், அரசு விசாரிக்கும். ஃப்ரீலான்சருக்கு அந்தக் கதவு கிடையாது. சிறு வழக்கு நீதிமன்றம் இருந்தது. ஆனால் அன்றைய வரம்பு 5,000 டாலர். அதற்கு மேற்பட்ட பாக்கிக்குப் பெரும்பாலும் வக்கீல் வைத்தே வழக்காட வேண்டியிருந்தது. 6,000 டாலர் பாக்கிக்கு வழக்குப் போட்டால் வக்கீல் ஃபீஸே அதைத் தின்றுவிடும். பாக்கி வைப்பவர்களுக்கும் இது நன்றாகத் தெரியும்.

இந்த ஓட்டை தற்செயலாக விழுந்ததல்ல. அமெரிக்கத் தொழிலாளர் சட்டங்களின் அஸ்திவாரம் 1930-களில் போடப்பட்டது. சங்கம் அமைக்கும் உரிமைக்கு 1935-ல் ஒரு சட்டம், குறைந்தபட்சக் கூலிக்கு 1938-ல் இன்னொன்று. இரண்டும் ஆலையையும் முதலாளியையும் மனதில் வைத்து எழுதப்பட்டவை. தன் மேசையில் உட்கார்ந்து பத்துப் பேருக்கு வேலை செய்து கொடுப்பவர் அந்தச் சட்டங்களின் கண்ணில் தொழிலாளி அல்ல, வியாபாரி. 1947-ல் வந்த திருத்தம் அவரைச் சங்க உரிமையிலிருந்து வெளிப்படையாகவே விலக்கிவிட்டது.

ஓவியர்களும் டிசைனர்களும் சும்மா இருக்கவில்லை. 1967-ல் டெட்ராய்ட் நகரில், கார் விளம்பரங்களுக்குப் படம் வரைந்தவர்கள் கிராஃபிக் ஆர்டிஸ்ட்ஸ் கில்டு என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். என்ன வேலைக்கு என்ன விலை கேட்கலாம், ஒப்பந்தம் எப்படி எழுதலாம் என்று அந்த அமைப்பு போட்ட கையேடு இன்றுவரை புதுப்பிக்கப்பட்டு வருகிறது. ஆனால் கையேடு சொல்லிக்கொடுக்கத்தான் முடியும். பணம் தராதவரின் கையைப் பிடிக்க அதனால் முடியாது. எல்லோரும் கூடி ஒரே விலை வைக்கலாம் என்றால், வியாபாரிகள் கூட்டுச் சேர்ந்து விலை நிர்ணயித்ததாகப் போட்டிச் சட்டம் பாயும். தொழிலாளிக்குரிய பாதுகாப்பு இல்லை, வியாபாரிக்குரிய தடை மட்டும் உண்டு என்ற நிலை.

இங்கேதான் சாரா ஹோரோவிட்ஸ் வருகிறார். தொழிலாளர் வழக்கறிஞர். அவருடைய தாத்தா, பெண்கள் ஆடைத் தொழிலாளர்களின் புகழ்பெற்ற சங்கத்தில் துணைத் தலைவராக இருந்தவர். சாரா ஒரு வழக்கறிஞர் நிறுவனத்தில் வேலைக்குச் சேர்ந்தபோது, தன்னை ஊழியராக அல்லாமல் சுயேச்சை ஒப்பந்ததாரராகவே பதிவு செய்திருக்கிறார்கள் என்று தெரிந்தது. மருத்துவக் காப்பீடு இல்லை, ஓய்வூதியம் இல்லை. சங்கப் பரம்பரையில் வந்த தொழிலாளர் வழக்கறிஞருக்கே இந்த நிலை என்றால் மற்றவர்களுக்கு? 1995-ல் அவர் தொடங்கிய அமைப்புதான் பின்னாளில் ஃப்ரீலான்சர்ஸ் யூனியனாக வளர்ந்தது.

முதலில் யூனியன் கையில் எடுத்தது மருத்துவக் காப்பீட்டை. ஆனால் உறுப்பினர்கள் கூடக்கூட இன்னொரு குரல் ஓங்கியது: செய்த வேலைக்குப் பணம் வரவில்லை. அதை வெளியே கொண்டுவர யூனியன் ஓர் அருமையான வழியைக் கண்டுபிடித்தது. ‘உலகின் மிக நீளமான இன்வாய்ஸ்’ என்ற பெயரில் ஒரு பொதுப் பட்டியலைத் திறந்து, வராத பாக்கியை எல்லாம் அதில் வரிவரியாகச் சேர்க்கச் சொன்னது. எழுத்தாளர், புகைப்படக்காரர், டிசைனர் என்று ஒவ்வொருவராகச் சேர்க்க, கூட்டுத்தொகை பல மில்லியன் டாலரைத் தாண்டியது. பணம் வராததைத் தன் ஏமாளித்தனம் என்று நினைத்து வெளியே சொல்லாமல் இருந்தவர்கள், அது ஒரு தொழிலின் வழக்கமாகவே இருப்பதைக் கண்ணால் பார்த்தார்கள். என் பார்வையில் சட்டம் கருவுற்றது அங்கேதான்.

2010-களின் தொடக்கத்தில் நியூயார்க் மாநில அளவில் ஒரு மசோதா வந்து, கீழவையில் நிறைவேறியும் மேலவையைத் தாண்டாமல் நின்றுபோனது. யூனியன் நகர மன்றத்தின் பக்கம் திரும்பியது. ஃப்ரீலான்சர்களில் 71 சதவீதம் பேர் பணம் வசூலிப்பதில் சிரமப்பட்டிருக்கிறார்கள், அவர்கள் இழக்கும் தொகை ஆண்டுக்குச் சராசரியாக ஏறக்குறைய 6,000 டாலர் என்று 2015-ல் அது வெளியிட்ட ஆய்வு சொன்னது. அந்த டிசம்பரில் புரூக்ளின் உறுப்பினர் பிராட் லாண்டர் மசோதாவைக் கொண்டுவந்தார். பாதிக்கப்பட்டவர்கள் மன்றக் குழுவின் முன் வந்து தங்கள் கணக்கைத் தாங்களே சொன்னார்கள். 2016 அக்டோபர் 27 அன்று மசோதா ஒருமனதாக நிறைவேறியது. நவம்பர் 16 அன்று மேயர் பில் டி பிளாசியோ கையெழுத்திட்டார். 2017 மே 15 முதல் நடைமுறைக்கு வந்த அதன் பெயர், ஃப்ரீலான்ஸ் இஸ்ன்ட் ஃப்ரீ சட்டம்.

அதன் உள்ளடக்கம் எளிமையானது. வேலையின் மதிப்பு 800 டாலரைத் தொட்டால் எழுத்து ஒப்பந்தம் கட்டாயம். ஒரே ஆளுக்கு 120 நாட்களுக்குள் செய்த சில்லறை வேலைகள் சேர்ந்து 800 ஆனாலும் அதே விதி. ஒப்பந்தத்தில் இருக்க வேண்டியவை: இருவரின் பெயர், முகவரி, என்னென்ன வேலை என்ற பட்டியல், தொகையும் அதைக் கொடுக்கும் முறையும், பணம் தரும் தேதி. தேதி குறிக்காவிட்டால் வேலை முடிந்த 30 நாட்களுக்குள் தந்தாக வேண்டும். “சீக்கிரம் வேண்டுமென்றால் குறைத்து வாங்கிக்கொள்” என்று வேலை தொடங்கிய பின் பேரம் பேசுவது சட்டமீறல். பணம் தராவிட்டால் இரட்டிப்பு இழப்பீடு, கூடவே வக்கீல் ஃபீஸ். 6,000 டாலர் வழக்கை முன்பு தொடத் தயங்கிய வக்கீல் இப்போது எடுப்பார். தொடர்ந்து இதையே வாடிக்கையாக வைத்திருப்பவர் மீது மாநகரமே வழக்குப் போட்டு 25,000 டாலர் வரை அபராதம் கேட்கலாம். புகார் கொடுத்தால் மாநகர அலுவலகம் எதிர்த்தரப்புக்கு நோட்டீஸ் அனுப்பும். 20 நாட்களில் பதில் வராவிட்டால், மீறல் நடந்திருக்கிறது என்ற அனுமானத்தோடுதான் நீதிமன்றத்தில் வழக்கே தொடங்கும்.

இரட்டிப்பு இழப்பீட்டைத்தான் எல்லோரும் பேசுகிறார்கள். எனக்கு அதைவிடப் பெரிதாகத் தெரிவது ஒப்பந்தத்தைக் கட்டாயமாக்கியது. அதுவரை ஒப்பந்தம் கேட்டவரைப் பார்த்து, “எங்கள் மேல் நம்பிக்கை இல்லையா?” என்று கேட்டார்கள். அந்தக் கேள்விக்குப் பயந்தே வாய்ப்பேச்சில் வேலை எடுத்தவர்கள் ஏராளம். “சட்டம் கேட்கிறது” என்று சொல்ல முடிந்த நாளிலிருந்து அந்தக் கூச்சத்துக்கு வேலையில்லை. இதில் ஒரு நுணுக்கமும் உண்டு. ஒப்பந்தம் தரவில்லை என்பதற்காக மட்டும் 250 டாலர் இழப்பீடு கேட்பவர், வேலை தொடங்கும் முன்பே தான் ஒப்பந்தம் கேட்டதை நிரூபிக்க வேண்டும். கேட்காதவருக்கு அந்தத் தொகை இல்லை.

விதை பரவியது. லாஸ் ஏஞ்சல்ஸ் 2023-லும் இல்லினாய் மாநிலம் 2024-லும் இதே வழியில் சட்டத்தை நடைமுறைக்குக் கொண்டுவந்தன. ஒருகாலத்தில் மசோதாவை நிறுத்திவைத்த நியூயார்க் மாநிலமே 2024 ஆகஸ்ட் முதல் இதைத் தன் சட்டமாக்கிக்கொண்டது. கலிஃபோர்னியாவில் 2025 தொடக்கத்திலிருந்து 250 டாலர் வேலைக்கே எழுத்து ஒப்பந்தம் வேண்டும்.

இந்தச் சட்டத்துக்கும் எல்லை உண்டு. “முதலில் இரண்டு மாதிரி செய்து காட்டுங்கள், பிடித்திருந்தால் பார்க்கலாம்” என்று கேட்பதை அது தடுக்காது. அதற்கு மறுப்புச் சொல்வது டிசைனரின் பொறுப்பு. அட்வான்ஸ் வாங்காமல் தொடங்கினாலோ, பணம் வருவதற்குள் அச்சுக்குப் போகும் ஃபைலைக் கொடுத்துவிட்டாலோ, கைவிட்டுப் போன பிடியை எந்தச் சட்டமும் திருப்பி வாங்கித் தராது.

நம் ஊர் டிசைனருக்கு இப்படித் தனிச்சட்டம் இல்லை. ஆனால் 2006-ம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தர நிறுவனங்கள் சட்டம் இருக்கிறது. அதன்கீழ் செய்யும் உத்யம் பதிவு இலவசம். தனி ஆளாகச் சேவைத் தொழில் செய்பவரும் பதியலாம். பதிந்தவருக்கு வர வேண்டிய பணத்தை, ஒப்பந்தம் என்ன சொன்னாலும் 45 நாட்களுக்கு மேல் இழுத்தடிக்க முடியாது. தவறினால் ரிசர்வ் வங்கியின் வங்கி வட்டியைப்போல மூன்று மடங்கு கூட்டு வட்டி. புகாரைக் கேட்க மாநில அளவில் மன்றமும் உண்டு. பாக்கி விழுந்த பிறகு ஓடிப்போய்ப் பதிந்தால் பலன் கிடைக்கும் என்று நம்ப முடியாது; வேலையை எடுக்கும் முன்பே பதிந்துவிடுவது நல்லது.

நியூயார்க் ஃப்ரீலான்சர்கள் போராடிச் சட்டத்தில் ஏற்றிய அந்த நான்கு விவரங்களைக் கடைப்பிடிக்க நமக்குச் சட்டம் வேண்டியதில்லை. யார் யாருக்கு, என்னென்ன வேலை, எவ்வளவு, எந்தத் தேதியில் என்று மின்னஞ்சலில் எழுதி அனுப்புங்கள். “சரி” என்று எழுத்தில் பதில் வந்த பிறகு வேலையைத் தொடங்குங்கள். அதை எழுதித் தரவே யோசிக்கும் கிளையண்ட், பணம் தரும் நாளில் இன்னும் அதிகமாக யோசிப்பார்.