கென்னத் கிளார்க்கின் மூன்று தோல்விகள்: பழி யாருடையது?

பிரித்தானியக் கன்சர்வேட்டிவ் கட்சியைச் சேர்ந்த கென்னத் கிளார்க் 1970 முதல் 2019 வரை ரஷ்க்ளிஃப் தொகுதியின் எம்.பி.யாக இருந்தவர். சுகாதாரம், கல்வி, உள்துறை, நிதி, நீதி எனப் பல துறைகளை நிர்வகித்தவர். 1997, 2001, 2005 ஆகிய ஆண்டுகளில் கட்சித் தலைமைக்குப் போட்டியிட்டு மூன்று முறையும் தோற்றார். எம்.பி.க்கள் ஐரோப்பிய ஆதரவாளரான அவரை விரும்பினார்கள், ஐரோப்பாவை வெறுத்த அடிமட்டத் தொண்டர்களே குறுக்கே நின்றார்கள் என்பது வழக்கமான விளக்கம். வாக்கு எண்ணிக்கை அதற்கு இடந்தரவில்லை.

1997இல் தலைவரைத் தேர்ந்தெடுக்கும் உரிமை எம்.பி.க்களிடம் மட்டுமே இருந்தது. முதல் சுற்றில் 49, இரண்டாவதில் 64 வாக்குகள் பெற்றுக் கிளார்க் முன்னிலை வகித்தார். இறுதிச் சுற்றில் 92க்கு 70 என்ற கணக்கில் வில்லியம் ஹேக்கிடம் தோற்றார். அவ்வேளையில் தொகுதித் தலைவர்களிடம் கருத்துக் கேட்டபோது பெரும்பான்மையோர் கிளார்க்கையே ஆதரித்தார்கள் என்பதை யாரும் அதிகம் நினைவுகூர்வதில்லை. ஐரோப்பிய எதிர்ப்பின் முகமாக விளங்கிய ஜான் ரெட்வுட்டோடு கடைசி நேரத்தில் அவர் செய்துகொண்ட உடன்பாடும் பலன் தரவில்லை. ஒளிவுமறைவின்றிப் பேசுபவர் என்ற பெயரை மூலதனமாகக் கொண்ட ஒருவருக்கு இது பொருந்தாத வேலை என்றே எனக்குத் தோன்றுகிறது.

வழக்கமான விளக்கம் 2001ஐத்தான் பெரிதும் நம்பியிருக்கிறது. ஹேக் கொண்டுவந்த புதிய விதிப்படி எம்.பி.க்கள் இருவரைத் தெரிவு செய்ய, கட்சி உறுப்பினர்கள் அவர்களில் ஒருவரைத் தேர்ந்தெடுத்தார்கள். எம்.பி.க்களின் இறுதிச் சுற்றில் கிளார்க் 59, அவருடைய போட்டியாளர்களான டங்கன் ஸ்மித் 54, போர்ட்டில்லோ 53 வாக்குகள் பெற்றார்கள். பட்டியலில் முதலிடம்தான், ஆனால் 166 பேரில் 59 என்பது மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றே அதிகம். கட்சி உறுப்பினர்கள் 61 விழுக்காட்டு வாக்குகளால் டங்கன் ஸ்மித்தைத் தேர்ந்தார்கள். அவர்களின் வெறுப்பு உண்மையானது, மறுப்பதற்கில்லை. ஆனால் எம்.பி.க்களில் பெரும்பாலோரும் கிளார்க்கைத் தேர்ந்திருக்கவில்லை என்பதை இரண்டடுக்கு விதி பார்வையிலிருந்து மறைத்துவிட்டது.

2003 அக்டோபரில் எம்.பி.க்கள் 90க்கு 75 என்ற வாக்கில் டங்கன் ஸ்மித்தை நீக்கினார்கள். கிளார்க்குக்கு இடையூறாக இருந்தது தொண்டர்கள் மட்டுமே என்றால், அவர் பக்கம் திரும்ப இதைவிட நல்ல வாய்ப்பு வாய்த்திராது. எம்.பி.க்களோ மைக்கேல் ஹோவர்டைப் போட்டியின்றித் தலைவராக்கினார்கள். 1997இன் முதல் சுற்றில் 23 வாக்குகளுடன் கடைசி இடம் பெற்றவர் அவர்! 2005இல் எம்.பி.க்கள் அளித்த 198 வாக்குகளில் கிளார்க்குக்குக் கிடைத்தவை 38. முதல் சுற்றிலேயே வெளியேறியதால், கட்சி உறுப்பினர்கள் அவரைப் பற்றித் தீர்ப்புச் சொல்லும் கட்டமே வரவில்லை.

எம்.பி.க்கள் கிளார்க்கிடமிருந்து விலகியதை ஐரோப்பா மட்டும் விளக்கிவிடாது. 1997, 2001 தோல்விகளுக்குப் பிறகு நிழல் அமைச்சரவையில் சேராமல் அவர் பின்வரிசைக்குப் போனார். ஆதரவாளர்களைத் திரட்டிப் பேணவேண்டிய ஆண்டுகள் அவ்வாறு கழிந்தன. பின்வரிசை தந்த சுதந்திரம்தான் 2003இல் ஈராக் போரை எதிர்க்கவும், 2017 பிப்ரவரியில் ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து விலகும் நடைமுறையைத் தொடங்குவதற்கான மசோதாவைத் தம் கட்சியில் தனியொருவராக எதிர்த்து வாக்களிக்கவும் அவருக்கு இடமளித்தது. 2019 ஏப்ரலில் அவர் முன்வைத்த சுங்க ஒன்றியத் தீர்மானம் 276க்கு 273 என மூன்றே வாக்கில் தோற்றது. தம் கட்சி எம்.பி.க்கள் தலைவராக ஏற்க மறுத்தபோதும், நாடாளுமன்றத்தில் பிரெக்சிட்டுக்கான மாற்று வழியொன்றுக்குப் பெரும்பான்மையை ஏறக்குறைய அவர் திரட்டிவிட்டார். அதே ஆண்டு செப்டம்பரில் கட்சிக் கட்டளையை மீறி வாக்களித்த 21 எம்.பி.க்களில் ஒருவராகக் கட்சியின் நாடாளுமன்றக் குழுவிலிருந்து நீக்கப்பட்டபோது, அவையின் மூத்த உறுப்பினர் அவர்தான்.