ரீகன் சொன்ன பாதியும் இப்னு கல்தூன் எழுதிய மீதியும்

1981ஆம் ஆண்டு அக்டோபர் முதல் நாள். அமெரிக்க அதிபர் ரொனால்டு ரீகன் செய்தியாளர்களைச் சந்தித்தார். வருமான வரியை மூன்றாண்டுகளில் 23 விழுக்காடு குறைக்கும் சட்டத்தில் அவர் கையொப்பமிட்டு இரண்டு திங்கள் கூட ஆகவில்லை. தம் கொள்கைக்குச் சாட்சியாக அன்று அவர் அழைத்தது யாரைத் தெரியுமா? 14ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த முஸ்லிம் பேரறிஞர் இப்னு கல்தூனை! ஓர் அரசு தோன்றும் காலத்தில் சிறு வரியால் பெருவருவாய் கிட்டும். அது சாயும் காலத்தில் பெருவரி விதித்தும் சிறு வருவாயே கிட்டும் என்ற அவருடைய கருத்தை ரீகன் எடுத்துரைத்தார்.

நம் முன்னோர் ஒருவரின் பெயர் அங்கே ஒலித்தது என்று மகிழ்வது இயல்பே. எனினும், சாட்சியின் வாக்குமூலம் முழுவதும் படிக்கப்பட்டதா என்று கேட்பது நம் கடமையன்றோ?

ரீகனுக்குப் பின்னே ஒரு சிந்தனைப் பள்ளி நின்றது. அதன் தலைமகனாரான மில்ட்டன் ஃப்ரீட்மன் 1962இல் வெளியிட்ட நூலில், முதியோருக்கான கட்டாய அரசு ஓய்வூதியத் திட்டத்தையும், குறைந்தபட்சக் கூலிச் சட்டத்தையும், தொழில் புரிய உரிமம் வேண்டுமென்ற விதிகளையும் எதிர்த்து வாதிட்டார். மனிதன் தன் பொருளைத் தானே காத்துக்கொள்வான். அரசின் கை குறுக்கே நீளாதிருந்தால் தொழிலும் வேலையும் தாமே பெருகும் என்பது அப்பள்ளியின் முடிபு. வரி நூறு விழுக்காடானால் எவனும் உழைக்கமாட்டான், அரசுக்கும் ஏதும் கிட்டாது என்பதை ஆர்தர் லாஃபர் ஒரு வளைகோட்டால் விளக்கினார். அந்தக் கருத்து தமக்கு முன்பே இப்னு கல்தூனிடம் இருந்தது என்பதை அவரும் ஒப்புக்கொண்டார்.

இப்னு கல்தூன் ஏட்டில் மட்டும் வரியைக் கண்டவரல்லர். கி.பி. 1332இல் தூனிஸில் பிறந்து, கொள்ளைநோய்க்குப் பெற்றோரைப் பறிகொடுத்து, ஃபாஸ் நகரில் சிறைப்பட்டு, கிரனாடாவின் தூதராய்ச் சென்று, பின்னர் பிஜாயாவில் அமைச்சராய் அமர்ந்தவர். அங்கே பெர்பர் குலத்தாரிடம் தாமே நேரில் சென்று வரி திரட்டியவர். அரசியலை வெறுத்து ஒரு கோட்டையில் ஒதுங்கியிருந்த நாளில், 1377இல், ஐந்தே மாதங்களில் ‘முகத்திமா’வை எழுதி முடித்தார்.

அதிலே அவர் காட்டும் சித்திரம் தெளிவானது. தொடக்கத்தில் அரசு ஸகாத், கராஜ், ஜிஸ்யா ஆகிய வரையறுத்த வரிகளையே வாங்குகிறது. சுமை இலேசாதலால் மக்கள் ஊக்கத்தோடு உழைக்கின்றனர், தொழில் பெருகுகிறது, வருவாயும் பெருகுகிறது. தலைமுறைகள் கழிய, அரண்மனையில் ஆடம்பரம் குடியேறுகிறது. செலவை ஈடுகட்ட நகர வாயில்களிலும் சந்தைகளிலும் சுங்கம் விதிக்கப்படுகிறது. ஆதாயம் இல்லையென்று கண்டவன் உழைப்பைக் கைவிடுகிறான். வருவாய் குறையவே வரி மேலும் ஏறுகிறது. அரசு அழிவை நோக்கி நடக்கிறது. அரசனே வணிகனாகிக் குடிகளோடு போட்டியிடுவதையும், கூலியின்றி வேலை வாங்குவதையும் அவர் வன்மையாகக் கண்டித்தார். இதுவரை சந்தைப் பள்ளியார்க்கு உவப்பானதே.

ஆனால், அநீதியைப் பற்றிப் பேசுமிடத்தில் அவர் ஒரு பழங்கதையை எடுத்தாள்கிறார். பாரசீக மன்னன் பஹ்ராம் ஆந்தைகளின் அலறலைக் கேட்டு, அதன் பொருளென்ன என்று தலைமைக் குருவை வினவினான். ஓர் ஆண் ஆந்தை பெண் ஆந்தையை மணக்கக் கேட்கிறது. பாழடைந்த இருபது ஊர்களைச் சீராகத் தரவேண்டும் என்கிறது பெண். இந்த மன்னனின் ஆட்சி நீடித்தால் ஆயிரம் ஊர்களே தருவேன் என்கிறது ஆண் என்றார் குரு. திடுக்கிட்ட மன்னன் காரணம் கேட்டான். உழுதவர்களின் நிலங்களைப் பறித்து அண்டியிருந்தோர்க்கும் ஏவலர்க்கும் மன்னன் அளித்திருந்தான். அவர்கள் நிலத்தைப் பேணவுமில்லை. மன்னனுக்கு வேண்டியவர்கள் என்பதால் வரி செலுத்தவுமில்லை. அவர்கள் விட்ட சுமை எஞ்சிய உழவர்மீது விழுந்தது. அவர்கள் ஊரை விட்டகன்றனர். ஆக, வரியின் அளவு மட்டுமன்று, அது யார் தோளில் ஏறுகிறது, யார் தோளிலிருந்து இறங்குகிறது என்பதும் நாட்டைப் பாழாக்கும்.

மீதிப் பாதி இன்னும் முக்கியமானது. அரசே எல்லாச் சந்தைகளிலும் பெரிய சந்தை என்கிறார் இப்னு கல்தூன். அரசன் பொருளைப் பூட்டிவைத்து, படையினர்க்கும் பணியாளர்க்கும் உரிய ஊதியத்தைக் குறைத்தால், அவர்கள் கடைத்தெருவில் செய்யும் செலவு சுருங்கும்; வணிகம் மந்தமாகும்; முடிவில் வரி வருவாயே குறையும். பொருள் அரசுக்கும் குடிகளுக்குமிடையே சுழன்றுகொண்டேயிருக்க வேண்டும் என்பதே அவர் கண்ட நீதி. இந்தப் பகுதி வெள்ளை மாளிகையில் ஒலிக்கவில்லை.

பின்னர் நடந்ததென்ன? 1982 இறுதியில் அமெரிக்காவில் வேலையில்லாதோர் 10.8 விழுக்காட்டை எட்டினர். அவ்வாண்டிலேயே சில வரிகளை மீண்டும் உயர்த்த வேண்டியதாயிற்று. 1983இல் அரசு ஓய்வூதியத்தைக் காக்க அதற்கான வரியைக் கூட்டி, ஓய்வு வயதை 65இலிருந்து படிப்படியாக 67ஆக உயர்த்தும் சட்டத்தில் அதே ரீகன் ஒப்பமிட்டார். ஒழிக்கப்பட வேண்டியதென்று ஒரு சாரார் சொன்ன திட்டம், அவர் கையாலேயே நிலைநிறுத்தப்பட்டது! 1980இல் 13.5 விழுக்காடாயிருந்த விலையேற்றம் 1988இல் நான்கு விழுக்காட்டளவில் தணிந்தது உண்மை. மத்திய வங்கியின் கடும் வட்டிக்கொள்கைக்கு அதில் பெரும்பங்குண்டு. ஆயினும் அவர் ஆட்சியின் எட்டாண்டுகளில் நாட்டின் கடன் ஏறத்தாழ மும்மடங்காயிற்று. வரி குறைந்தது, செலவு குறையவில்லை. ஆடம்பரச் செலவைக் கைவிடாத அரசு எவ்வழியிலும் உய்யாது என்று இப்னு கல்தூன் எச்சரித்ததை மேற்கோள் காட்டியவர்கள் படிக்க மறந்தனர் போலும்.

அவர் சந்தைக்கும் அடிமையல்லர், அரசுக்கும் அடிமையல்லர். உழைப்பவனின் நம்பிக்கை உடைந்தால் நாடு உடையும் என்பதே அவர் கண்ட விதி. கொடிய வரியாலும் அந்நம்பிக்கை உடையும். சலுகை பெற்றோரின் சுமையை ஏழைமீது ஏற்றினாலும் உடையும். உழைத்து ஓய்ந்தவனுக்கு உரிய ஊதியத்தை மறுத்தாலும் உடையும். பெரியோரின் சொல்லைச் சாட்சிக்கு அழைப்போர் முழுவதையும் கேட்க வேண்டும். பாதி வாக்குமூலத்தைக் கொண்டு எந்தக் காஜியும் தீர்ப்பு வழங்குவதில்லை. இப்னு கல்தூனோ கெய்ரோவில் காஜியாகவே அமர்ந்து நீதி வழங்கியவர்.