பூமியின் வயதும் ஈயப் புகையும்

2021-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதக் கடைசியில் ஐக்கிய நாடுகளின் சுற்றுச்சூழல் ஸ்தாபனம் ஓர் அறிக்கை வெளியிட்டது. மோட்டார் கார்களுக்கு ஈயம் கலந்த பெட்ரோல் இனி உலகத்தில் எங்கும் விற்கப்படுவதில்லை. கடைசியாக விற்றுக்கொண்டிருந்த அல்ஜீரியாவும் அந்த ஜூலையில் நிறுத்திவிட்டது என்பது செய்தி. பெட்ரோல் விலை நாலணா ஏறினால் தெருவெல்லாம் பேசுகிற நாம், அதிலிருந்து விஷம் இறங்கிப்போனதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

ஈயம் என்றதும் ரசம் வைக்கிற சொம்பை நினைத்துப் பயப்பட வேண்டாம். அது வெள்ளீயம், கலப்படம் இல்லாத வரையில் சாது. இது காரீயம்.

இஞ்சின் 'நாக்' பண்ணுகிறது என்று மெக்கானிக்குகள் சொல்லுவார்களே, அந்த நோய்க்கு மருந்தாக 1921-இல் ஈயக் கூட்டுப்பொருள் ஒன்றைக் கண்டுபிடித்தவர் அமெரிக்காவின் தாமஸ் மிட்ஜ்லி. 1924-இல் நியூஜெர்ஸியில் அதைத் தயாரித்த ஆலை ஒன்றில் தொழிலாளர்கள் சித்தம் கலங்கி ஐந்து பேர் செத்துப்போனார்கள். மிட்ஜ்லி பத்திரிகைக்காரர்களைக் கூப்பிட்டு, அவர்கள் எதிரிலேயே அந்தத் திரவத்தைக் கையில் ஊற்றிக் கழுவி, ஒரு நிமிஷம் மோந்தும் காட்டினார். அதற்கு முந்தின வருஷம்தான் ஈய விஷம் ஏறி அவரே ஓய்வெடுத்துக்கொண்டு வந்திருந்தார். அதை அவர்களிடம் சொல்லுவாரா?

என் மனத்தைக் கவர்ந்தவர் இவர் அல்ல, கிளேர் பாட்டர்ஸன். இவருக்கும் பெட்ரோலுக்கும் சம்பந்தமே கிடையாது. பூமிக்கு என்ன வயது என்று கணக்குப் பார்க்க உட்கார்ந்தவர். யுரேனியம் காலப்போக்கில் ஈயமாக மாறுகிறது. மாறுகிற வேகம் தெரியும். பூமியோடு சேர்ந்து பிறந்த விண்கல்லில் உள்ள ஈயத்தை அளந்தால் வயது தெரிந்துபோகும். வேலை சுலபம் என்று ஆசிரியர் சொல்லி அனுப்பினார்.

சுலபமாகவா இருந்தது? அளந்த போதெல்லாம் ஈயம் அதிகமாகவே வந்தது. கல்லில் இருக்க நியாயமில்லாத ஈயம்! தண்ணீரில் இருந்தது, கண்ணாடிக் குப்பியில் இருந்தது, தூசியில், தலைமயிரில், போட்டிருந்த சட்டையில் எல்லாம் இருந்தது. மனிதர் தரையைத் தேய்த்தார், பாத்திரங்களை அமிலத்தில் ஊறவைத்தார், காலிபோர்னியாவுக்குப் போய் ஈயம் புக முடியாத ஓர் அறையையே கட்டினார். எந்த மடைப்பள்ளியிலும் அவ்வளவு மடி கிடையாது. ஐந்தாறு வருஷம் இப்படிப் பாடுபட்டு, 1953-இல் அரிஸோனாவில் விழுந்த ஒரு விண்கல்லிலிருந்து விடையை எடுத்தார். 1956-இல் வெளியான கணக்கு 455 கோடி ஆண்டு. இன்றுவரை ஏறக்குறைய அதுவே நிற்கிறது. விடை கிடைத்ததும் அயோவாவில் தாயார் வீட்டுக்குப் போய், மாரடைப்பு மாதிரி இருக்கிறது, ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போ என்றாராம். சந்தோஷத்தின் வேலை!

இன்னொருவராக இருந்தால் இதோடு திருப்திப்பட்டிருப்பார். ஆனால், தாம் துடைத்துத் துடைத்து ஓய்ந்த அந்த ஈயம் எங்கிருந்து வந்தது என்ற கேள்வி பாட்டர்ஸனை விடவில்லை. கடல் நீரை எடுத்துப் பார்த்தார். ஆழத்தில் உள்ள பழைய நீரில் ஈயம் கொஞ்சம். மேல்நீரில் மிக அதிகம். அப்படியானால் சமீபத்தில் மேலேயிருந்து வந்து விழுந்தது என்றுதானே அர்த்தம்? 1965-இல் வெளிப்படையாக எழுதினார். அவருக்குப் பணம் கொடுத்துவந்த பெட்ரோலியத் தொழில் சங்கம் கையை இழுத்துக்கொண்டது.

எதிர்த்தரப்பில் ராபர்ட் கெஹோ என்ற டாக்டர் இருந்தார். அவர் வாதம் மேலுக்கு மிக நியாயமானது: எல்லா மனிதர் உடம்பிலும் ஈயம் இருக்கிறது, மெக்ஸிகோவில் நகரத்துக்கு எட்டியிருந்த குடியானவர்களிடம்கூட இருந்தது, ஆகவே அது இயற்கை. அந்தக் குடியானவர்கள் சாப்பிட்ட மண்பாத்திரங்களின் மெருகிலேயே ஈயம் இருந்தது என்பது வேறு கதை. எல்லோரிடமும் இருப்பதெல்லாம் இயற்கையாகிவிடுமா என்று பாட்டர்ஸன் கேட்டார். கேட்க அவருக்குத்தான் யோக்கியதை உண்டு. சுத்தமான காற்று எப்படி இருக்கும் என்று உலகத்தில் அவர் ஒருவர்தானே அறை கட்டிப் பார்த்திருந்தார்!

சாட்சிக்குக் கிரீன்லாந்துப் பனியைக் கொண்டுவந்தார். வருஷா வருஷம் விழுந்து அடுக்கடுக்காக உறைந்த பனி. கி.மு. 800-க்கும் 1965-க்கும் நடுவில் ஈயம் இருநூறு மடங்குக்கு மேல் ஏறியிருந்தது. வேகமான ஏற்றம் 1940-க்குப் பிறகு. இது 1969-இல் அச்சாயிற்று. இருந்தும், காற்றிலுள்ள ஈயத்தை ஆராய 1971-இல் அறிக்கை தந்த தேசிய விஞ்ஞானக் குழுவில் அவருக்கு நாற்காலி போடவில்லை.

எழுபதுகளின் நடுவில் அமெரிக்கா ஈயத்தைக் குறைக்கத் தொடங்கியது. சாலை வண்டிகளுக்கு முழுத்தடை வந்தது 1996 ஜனவரி முதல் தேதி. பாட்டர்ஸன் அதற்கு முந்தின மாதம் காலமாகியிருந்தார். நம் நாட்டில் 2000-இல் நின்றது.

சிறு ரக ஆகாய விமானங்கள் பல இன்னும் ஈயப் பெட்ரோலில்தான் பறக்கின்றன. உலகக் குழந்தைகளில் மூன்றில் ஒன்றுக்கு, அதாவது 80 கோடி வரை, இரத்தத்தில் கவலைப்படும் அளவுக்கு ஈயம் இருப்பதாக 2020-இல் யூனிசெஃப் கணக்குச் சொன்னது. பழைய மோட்டார் பாட்டரிகளை உடைத்து, குடியிருப்புகளுக்கு நடுவே திறந்த வெளியில் உருக்குவது அதற்கு ஒரு பெரிய காரணம்.