குரங்கணிக்குப் பிறகு மலையேற்றம்: தமிழ்நாட்டின் 40 பாதைகள் எவ்வாறு நிர்வகிக்கப்படுகின்றன?

ஹைதராபாத்: தேனி மாவட்டம் போடிநாயக்கனூரை அடுத்த குரங்கணி மலைப்பகுதியில் 2018ஆம் ஆண்டு மார்ச் 11ஆம் தேதி பரவிய காட்டுத் தீயில், மலையேற்றத்துக்குச் சென்று திரும்பிக் கொண்டிருந்த இரு குழுவினர் சிக்கினர். சென்னையில் இருந்தும், ஈரோடு, திருப்பூர் பகுதிகளில் இருந்தும் சென்ற இவர்களில், சிகிச்சை பலனின்றி இறந்தவர்களையும் சேர்த்து 23 பேர் உயிரிழந்தனர். நாட்டையே உலுக்கிய இந்த விபத்துக்குப் பின்னர் தமிழ்நாட்டு வனப்பகுதிகளில் மலையேற்றத்துக்குத் தடை விதிக்கப்பட்டது.

ஆறு ஆண்டுகளுக்குப் பிறகு, 2024ஆம் ஆண்டு அக்டோபரில், 14 மாவட்டங்களில் 40 பாதைகளை உள்ளடக்கிய 'ட்ரெக் தமிழ்நாடு' எனும் மலையேற்றத் திட்டத்தைத் துணை முதலமைச்சர் உதயநிதி ஸ்டாலின் தொடங்கி வைத்தார். தடைக்கும் திறப்புக்கும் இடைப்பட்ட காலத்தில் மாறியது என்ன? ஒரு மலைப்பாதையைப் பாதுகாப்பானதாக்குவது எது?

குரங்கணி உணர்த்தியது

மேற்குத் தொடர்ச்சி மலையின் புல்வெளிச் சரிவுகள் பிப்ரவரி மாதம் தொடங்கியதும் காய்ந்துவிடுகின்றன. சரிவின் கீழ்ப்பகுதியில் பற்றும் தீ, மேலே உள்ள புல்லைத் தன் வெப்பத்தால் முன்கூட்டியே உலர்த்தியபடி காற்றின் துணையுடன் மேல்நோக்கி விரைகிறது. சமவெளியில் தீயிடம் இருந்து ஓடித் தப்புவது போல மலைச்சரிவில் மேலேறித் தப்ப இயலாது. நிலத்தை அறியாதவர் எந்தப் பக்கம் பள்ளத்தாக்கு, எந்தப் பக்கம் பாறைவெளி என்று தெரியாமல் சிதறி ஓடும் நிலை ஏற்படுகிறது.

விபத்து குறித்து விசாரிக்க அப்போதைய வருவாய் மற்றும் பேரிடர் மேலாண்மைத் துறை முதன்மைச் செயலாளர் அதுல்ய மிஸ்ராவைத் தமிழ்நாடு அரசு நியமித்தது. மலையில் இருந்தவர்கள் எத்தனை பேர், எந்தப் பாதைக்கு யாரிடம் அனுமதி பெற்றனர், தீப்பரவல் காலத்தில் அனுமதி அளிக்கப்பட்டது ஏன் என்ற கேள்விகளே அந்நாளில் பொதுவெளியில் முதன்மையாக எழுந்தன. மீட்புப் பணிக்கு விமானப்படை ஹெலிகாப்டர்கள் வரவழைக்கப்பட்டன. எனினும், ஆள் நடமாட்டமற்ற சரிவில் தீ சூழ்ந்த பின்னர் எந்த மீட்புப் படையும் உடனடியாக எட்ட இயலாது. ஆகவே மலையேற்றப் பாதுகாப்பின் பெரும்பகுதி, பயணி மலையில் கால்வைப்பதற்கு முன்பே முடிவாகிவிடுகிறது என்பது குரங்கணி விட்டுச் சென்ற பாடமாகும்.

சட்டம் சொல்வது என்ன?

காப்புக்காடுகளுக்குள் அனுமதியின்றி நுழைவது தமிழ்நாடு வனச் சட்டம், 1882இன்படி குற்றமாகும். சரணாலயங்கள், தேசியப் பூங்காக்கள் ஆகியவற்றுக்குள் நுழைவதை வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம், 1972 கட்டுப்படுத்துகிறது. குரங்கணிக்கு முன்பும் இச்சட்டங்கள் நடைமுறையில் இருந்தன. ஆனால் மலையேற்றத்துக்கென மாநிலம் முழுமைக்கும் பொருந்தும் தனி விதிகள் இல்லை.

அந்தக் குறையை நிரப்பவே 2018ஆம் ஆண்டில் தமிழ்நாடு வனங்கள் மற்றும் வன உயிரினப் பகுதிகளில் மலையேற்றத்தை முறைப்படுத்தும் விதிகள் வகுக்கப்பட்டன. பாதைகளை எளிது, மிதமானது, கடினம் என மூன்றாகப் பிரிப்பதும், தீப்பரவல் காலத்தில் பாதைகளை மூடுவதும் இவ்விதிகளின் வழியே நடைமுறைக்கு வந்தன.

ஒரே வாயில், ஒரே கணக்கு

'ட்ரெக் தமிழ்நாடு' திட்டத்தை வனத்துறையுடன் இணைந்து தமிழ்நாடு வன அனுபவக் கழகம் செயல்படுத்துகிறது. பயணிகள் இணையதளத்தில் பாதையையும் நாளையும் தேர்ந்தெடுத்து, அடையாள விவரங்களுடன் முன்பதிவு செய்ய வேண்டும். இதனால் எந்த நாளில், எந்தப் பாதையில், எத்தனை பேர், எந்த வழிகாட்டியுடன் உள்ளனர் என்பது ஒரே இடத்தில் பதிவாகிறது. 2018இல் விடை தேடப்பட்ட கேள்விகள் பலவற்றுக்கு இந்தப் பதிவேடே முன்கூட்டிய விடையாக அமைகிறது.

பட்டியலில் உள்ள பாதைகள் பல தன்மை கொண்டவை. திருவள்ளூர் மாவட்டத்தின் குடியம் குகைகள், கற்கால மனிதர்களின் தடயங்கள் கிடைத்த பகுதி. கோத்தகிரியின் லாங்வுட் சோலை, 2024இல் ராம்சர் பட்டியலில் இடம்பெற்ற சோலைக்காடு. கொடைக்கானல் மலையில் வட்டக்கானல்–வெள்ளகவி பாதையும், ஆனைமலையில் டாப்சிலிப்–பண்டாரவரை பாதையும் உள்ளன. குரங்கணி–சாம்பலாறு பாதையும் இப்பட்டியலில் இடம்பெற்றுள்ளது. விபத்து நிகழ்ந்த மலைப்பகுதியை நிரந்தரமாக மூடிவிடாமல், வரையறுத்த பாதையில் வழிகாட்டியுடன் திறந்திருப்பது இத்திட்டத்தின் அணுகுமுறையைக் காட்டுகிறது.

பாதை தேர்வில் கவனிக்கப்படுபவை

காட்டுக்குள் புதிதாகப் பாதை வெட்டுவதைக் காட்டிலும் வனப் பணியாளர்களின் ரோந்துத் தடம், பழைய குதிரைப் பாதை, மலைக்கிராம மக்களின் நடைவழி ஆகியவற்றைப் பயன்படுத்துவதே உலகெங்கும் ஏற்கப்பட்ட நடைமுறை. யானைகளின் வலசைப் பாதை, விலங்குகள் நீர் அருந்தும் இடம், அரிய தாவரங்கள் உள்ள பகுதி ஆகியவற்றைத் தவிர்த்துத் தடம் வகுக்க வேண்டும்.

அடுத்தது தாங்குதிறன். ஒரு பாதை நாளொன்றுக்கு எத்தனை பேரின் நடையைத் தாங்கும் என்பது மண்ணின் தன்மை, சரிவு, மழையளவு ஆகியவற்றைப் பொறுத்தது. அளவுக்கு மீறினால் மண் இறுகிப் புல் அழிந்து, மழைநீர் பாதையிலேயே ஓடிப் பள்ளம் பறிக்கிறது. பள்ளத்தைத் தவிர்க்க மக்கள் ஓரமாக நடக்க, பாதை ஆண்டுதோறும் அகன்று காட்டைத் தின்கிறது. மழைநீரைக் குறுக்கே திருப்பிவிடும் கல் வரிசைகள், வழிகாட்டிப் பலகைகள், தீத்தடுப்புக் கோடுகள் ஆகியவற்றுக்கு ஆண்டுதோறும் பராமரிப்புச் செலவு உண்டு. பாதையைத் திறப்பது ஒருநாள் நிகழ்ச்சி. காப்பது ஆண்டு முழுவதுமான பணி.

வருவாய் யாருக்கு?

இப்பாதைகளில் அழைத்துச் செல்லும் வழிகாட்டிகள் பெரும்பாலும் அந்தந்த மலைப்பகுதியைச் சேர்ந்த பழங்குடியின இளைஞர்கள். இவர்களுக்கு முதலுதவி, பாதுகாப்பு, பயணிகளுடன் உரையாடுதல் ஆகியவற்றில் பயிற்சி அளிக்கப்பட்டுள்ளது. காற்றில் வரும் புகை வாடையையும், அருகில் யானை நிற்பதன் அறிகுறியையும் முதலில் உணர்பவர் இவரே. அவ்வகையில் வழிகாட்டியின் ஊதியம், பாதுகாப்புக்கான செலவும் ஆகும்.

திட்டம் தொடங்கிய முதல் மூன்று மாதங்களில் 4,792 பேர் மலையேற்றம் மேற்கொண்டதாகவும், கிடைத்த ரூ.63.43 லட்சம் வருவாயில் ரூ.49.51 லட்சம் வழிகாட்டிகளான பழங்குடியின இளைஞர்களைச் சென்றடைந்ததாகவும் அரசு தெரிவித்தது. அதேவேளையில், கட்டணம் சாமானியர்களுக்கு எட்டாத அளவில் உள்ளது என்ற விமர்சனமும் தொடக்கத்தில் எழுந்தது. அதையடுத்துக் கட்டணம் குறைக்கப்பட்டது. கட்டணம் மிகுந்தால் அனுமதியற்ற வழிகளில் நுழைவோர் பெருகுவர்; மிகக் குறைந்தால் வழிகாட்டிக்கும் பராமரிப்புக்கும் நிதி இராது. இவ்விரண்டுக்கும் இடையிலான சமநிலையே நிர்வாகத்தின் முன்னுள்ள கடினமான கணக்கு.

மூடுவதும் நிர்வாகமே

தீப்பரவல் அபாயம் மிகுந்த பிப்ரவரி 15 முதல் ஏப்ரல் 15 வரை மலையேற்றம் நிறுத்தப்படுகிறது. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் கனமழை எச்சரிக்கை வரும்போதும் பாதைகள் தற்காலிகமாக மூடப்படுவது உண்டு.

எனினும், எல்லா மலைப்பாதைகளையும் ஒரே விதியால் ஆள முடிவதில்லை. கோவை மாவட்டத்தின் வெள்ளியங்கிரி மலையில் ஏழாவது மலையில் உள்ள சுயம்பு லிங்கத்தைத் தரிசிக்க, பிப்ரவரி முதல் மே வரையிலான கோடைக் காலத்தில்தான் பக்தர்கள் பெருமளவில் ஏறுகின்றனர். மூச்சுத்திணறல், மாரடைப்பு ஆகியவற்றால் பக்தர்கள் உயிரிழக்கும் செய்திகள் அந்த மாதங்களில் வருகின்றன. வழிபாட்டு உரிமையும் உயிர்ப் பாதுகாப்பும் சந்திக்கும் இத்தகைய பாதைகளில், அடிவாரத்தில் உடல்நல அறிவுறுத்தல், நெகிழிப் பொருள் சோதனை போன்ற வேறு வழிமுறைகளை வனத்துறை கையாள்கிறது.

பிற இடங்களின் அனுபவம்

கர்நாடகத்தின் குமார பர்வதத்தில் 2024ஆம் ஆண்டு ஜனவரி இறுதியில் ஒரே நேரத்தில் பெருங்கூட்டம் திரண்டது. அதைத் தொடர்ந்து, இணையவழி முன்பதிவு இல்லாத பாதைகளில் மலையேற்றத்தை அம்மாநில அரசு நிறுத்தியது. பின்னர் ஒரு பாதைக்கு நாளொன்றுக்கு 300 பேர் என்ற உச்சவரம்பு கொண்டு வரப்பட்டது.

ஹைதராபாத்தில் வெளிவட்டச் சாலையை ஒட்டி 2023 அக்டோபரில் திறக்கப்பட்ட 23 கிலோ மீட்டர் சைக்கிள் பாதை வேறு வகையான முயற்சி. அதன் கூரையில் பொருத்தப்பட்ட சூரிய மின்தகடுகளின் திறன் 16 மெகாவாட். நகரத்தில் பாதையைக் கூரையாலும் விளக்குகளாலும் பாதுகாப்பானதாக்கலாம். காட்டில் அவ்வாறு கட்டியெழுப்பினால் பாதை எதற்காக உருவானதோ அதுவே அழிந்துவிடும். அங்கே கட்டுமானத்தின் இடத்தை வழிகாட்டியும் விதிமுறையும் நிரப்ப வேண்டியுள்ளது.

இலங்கையின் மலையகத்தில் கண்டிக்கும் நுவரெலியாவுக்கும் இடையே, 300 கிலோ மீட்டருக்கும் அதிகமான நீளத்தில் 22 பகுதிகளாக அமைந்துள்ள 'பீக்கோ' நடைபாதை, ஆங்கிலேயர் காலத்துத் தேயிலைத் தோட்டப் பாதைகளை இணைத்து உருவாக்கப்பட்டது. மலையகத் தமிழர் வாழும் தோட்டக் குடியிருப்புகளின் வழியே செல்லும் இப்பாதை, பயணிகளின் செலவு சிற்றூர்களையும் சென்றடைய வழி செய்கிறது.

பயணிகள் கவனத்துக்கு

18 வயதுக்கு உட்பட்டோர் பெற்றோரின் ஒப்புதலுடன் மட்டுமே அனுமதிக்கப்படுகின்றனர். 10 வயதுக்கு உட்பட்ட குழந்தைகள், பெற்றோர் அல்லது பாதுகாவலருடன் எளிதான பாதைகளில் மட்டும் செல்லலாம். தனியார் அமைப்பாளர் அழைத்துச் செல்வதாகக் கூறினால், அப்பாதைக்கு அந்த நாளுக்கான வனத்துறை அனுமதி உள்ளதா என்பதைப் பயணத்துக்கு முன்பே உறுதிசெய்து கொள்ள வேண்டும். தீப்பெட்டி, சிகரெட், மதுபானம், ஒருமுறை பயன்படுத்தும் நெகிழிப் பொருள்கள் ஆகியவற்றைக் காட்டுக்குள் எடுத்துச் செல்லக் கூடாது. வழிகாட்டி திரும்பச் சொன்னால், சிகரம் எவ்வளவு அருகில் இருந்தாலும் திரும்பிவிட வேண்டும்.