கள்ளக்குறிச்சியில் கள்ளி உண்டு. கேக்டஸ் உண்டா?

கள்ளிப்பால் கண்ணில் தெறிச்சா உடனே நிறைய தண்ணி விட்டுக் கழுவுங்க, தாமதிக்காம கண் டாக்டரைப் பாருங்க. இதை முதல்ல சொல்லிடறேன். மிச்சமெல்லாம் வரலாறு.

பால் வர்ற சதுரக்கள்ளி நம்ம மண்ணோடது. ஆனா அது கேக்டஸ் இல்லீங்க, ஆமணக்குக் குடும்பம். சப்பாத்திக்கள்ளி அசல் கேக்டஸ், பால் வராது. ஆனா அது கொலம்பஸுக்கு அப்புறம் அமெரிக்காவிலிருந்து வந்தது. சங்கப் பாட்டுல வர்ற கள்ளி இது கிடையாது.

அப்போ இந்தப் பக்கம் காட்டுல தானா வளர்ற கேக்டஸே இல்லையா? இருக்கு, இலங்கையில. ரிப்சாலிஸ் பாக்ஸிஃபெரா. அமெரிக்கக் கண்டங்களுக்கு வெளியே இயற்கையா வளர்ற ஒரே கேக்டஸ் இனம். ஆப்பிரிக்கா, மடகாஸ்கர்லயும் உண்டு. பாலைவனத்துல இல்ல, மழைக்காட்டு மரக்கிளையில பச்சை நூல்கண்டு மாதிரி தொங்கும். இலை கிடையாது. பழம் வெள்ளை முத்து மாதிரி இருக்கும்.

1771ல ஜான் மில்லர் இதைக் கொத்தான் கொடியோட சொந்தம்னு நினைச்சுப் பேர் வெச்சார். வேலியில படர்ந்த கொத்தானைப் பார்த்தவங்க அவரைக் குறை சொல்ல மாட்டாங்க. ரிப்சாலிஸ்ங்கிற பேரை 1788ல கேர்ட்னர் தந்தார். இன்னைக்கு இருக்கிற முழுப்பேர் 1939ல ஸ்டெர்ன் வெச்சது.

இலங்கையில 19ஆம் நூற்றாண்டுலயே பேராதனைத் தோட்டத்தின் த்வெய்ட்ஸும், அவருக்கு அடுத்து வந்த ட்ரைமனும் இதைப் பதிவு செஞ்சுட்டாங்க. ஹெர்பேரியம் தாள்னா நம்ம கேஸ் ஷீட் மாதிரிதான். காய வெச்ச செடி, எடுத்த இடம், தேதி, எடுத்தவர் பேர். எழுதி வைக்கலைன்னா நடக்கலைன்னு எங்க வார்டுல சொல்லுவோம். செடிக்கும் அதே கதைதான்.

கடலைத் தாண்டினது எப்படி? மாலுமிங்க கொண்டு வந்தாங்கன்னு சிலர், பறவைன்னு சிலர். என் ஓட்டு பறவைக்கு. பழத்துக்குள்ள விதை பிசுபிசுன்னு ஒட்டும். அதோட இந்தப் பக்கத்துச் செடிகள்ல குரோமோசோம் எண்ணிக்கை இரட்டிப்பாகி, தனிக் கிளையினமாவே ஆயிடுச்சு. சில நூறு வருஷத்துல அவ்வளவு மாற்றம் வர்றது கஷ்டம்.

இதே செடி இப்போ நர்சரியில தொங்குதொட்டியில விக்குது. நாளைக்குக் கல்வராயன் மலையில ஒரு மரத்துல இது தொங்கினா, 'அபூர்வ மூலிகை'ன்னு வாட்ஸ்அப்ல வந்துரும். தொட்டியிலிருந்து தப்பினதா, காட்டோடதான்னு பழைய தாளைப் பார்க்காம சொல்ல முடியாது. அதுக்கு திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியின் ராபினாட் ஹெர்பேரியம் இருக்கு. ஃபாதர் கே.எம். மேத்யூ குழு இந்த மலைகள்ல சேகரிச்ச செடிகள் அங்கதான் இருக்கு.

தேடுறவங்களுக்கு ஒண்ணு. கள்ளக்குறிச்சி மாவட்டம் பிறந்தது 2019ல, விழுப்புரம் மாவட்டம் 1993ல. 1970கள் தாள்னா தென்னாற்காடுன்னு தேடுங்க. மலையோட மேற்குப் பக்கம்னா சேலம்.