யூஏபி கால்பந்து அணி: மூடலும் மீட்சியும்

அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில், பர்மிங்காம் நகரில் இயங்கும் அலபாமா பல்கலைக்கழகம் ‘யூஏபி’ என்ற சுருக்கப் பெயரால் அறியப்படுகிறது. பச்சையும் பொன்னிறமும் அணிந்து ஆடும் அதன் கால்பந்து அணியின் பெயர் ‘பிளேசர்ஸ்’. 1991இல் தொடங்கிய இந்த அணியை, செலவு கட்டுப்படியாகவில்லை என்று சொல்லி 2014 டிசம்பரில் நிர்வாகம் கலைத்தது. ஆறே மாதத்தில் அந்த முடிவு திரும்பப் பெறப்பட்டது; 2017இல் அணி மீண்டும் களமிறங்கியது. இங்கே கால்பந்து என்பது, முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி ஓடியும் எறிந்தும் ஆடும் அமெரிக்கக் கால்பந்தைக் குறிக்கும்.

தேசியத் தொழில்முறைக் கால்பந்து லீகான என்எஃப்எல்லில் அலபாமா மாநிலத்துக்கு அணி கிடையாது. அந்த இடத்தைக் கல்லூரி அணிகளே நிரப்புகின்றன. டஸ்கலூசாவில் உள்ள அலபாமா பல்கலைக்கழகத்தின் ‘கிரிம்சன் டைட்’ அணியும், ஆபர்ன் பல்கலைக்கழக அணியும் பல தலைமுறைகளாக மாநிலத்தை இரண்டு முகாம்களாகப் பிரித்து வைத்திருக்கின்றன. இரண்டும் மோதும் ஆண்டு ஆட்டம் பல பத்தாண்டுகள் பர்மிங்காமின் லீஜன் ஃபீல்ட் மைதானத்தில்தான் நடந்தது. 1969இல் தனிப் பல்கலைக்கழகமான யூஏபி, மருத்துவக் கல்வியாலும் மருத்துவமனையாலும் வளர்ந்த நிறுவனம். எஃகுத் தொழில் தளர்ந்த நகரத்துக்கு வேலை கொடுத்து நிமிர்த்தியதில் அதற்குப் பெரும் பங்கு உண்டு. ஆனால் அதை ஆளும் அறங்காவலர் வாரியமே டஸ்கலூசா வளாகத்தையும் ஆள்கிறது. வாரிய உறுப்பினர்களில் பலர் டஸ்கலூசாவில் படித்தவர்கள். யூஏபி அணியின் வரலாற்றில் இந்த ஏற்பாட்டின் நிழல் தொடர்ந்து விழுந்துகொண்டே இருந்தது.

யூஏபியின் விளையாட்டுத் துறையை உருவாக்கியவர் ஜீன் பார்ட்டோ. கூடைப்பந்தில் புகழ்பெற்ற யூசிஎல்ஏ பல்கலைக்கழகத்தின் பயிற்சியாளர் பதவியை விட்டு 1970களின் இறுதியில் பர்மிங்காமுக்கு வந்து, ஒன்றுமில்லாத இடத்தில் அவர் ஒரு துறையைக் கட்டினார். 1980களின் இறுதியில் மாணவர் மன்ற அளவில் இருந்த கால்பந்து, 1991இல் பல்கலைக்கழக அணியாக உயர்ந்தது. முதல் பயிற்சியாளர் ஜிம் ஹில்யர். கல்லூரி விளையாட்டை ஒழுங்குபடுத்தும் என்சிஏஏவின் மூன்றாம் பிரிவில் தொடங்கிய அணி, 1993இல் முதல் பிரிவின் இரண்டாம் அடுக்குக்கும் 1996இல் அதன் உச்ச அடுக்குக்கும் ஏறியது. ஐந்தே ஆண்டுகளில் நிகழ்ந்த இந்த ஏற்றத்துக்கு ஈடாக மைதானமோ பயிற்சி வசதியோ வளரவில்லை.

அந்த ஆண்டுகளில் உச்ச அடுக்கில் ஆடிய அணி 85 வீரர்கள் வரை முழு உதவித்தொகை வழங்க முடிந்தது. அதற்கு மேல் பயிற்சியாளர் சம்பளம், பயணம், மருத்துவம், மைதான வாடகை எனச் செலவு நீளும். பெரிய அணிகளுக்குத் தொலைக்காட்சி ஒப்பந்தமும் டிக்கெட் விற்பனையும் கைகொடுக்கும். சிறிய அணிகள், பெரிய அணிகளின் மைதானத்துக்குப் போய் ஆடி, அதற்கெனப் பேசிய தொகையை வாங்கி வரும். தோல்வி ஏறக்குறைய உறுதி என்று தெரிந்தே ஒப்புக்கொள்ளும் ஆட்டங்கள் இவை. யூஏபி இந்தக் கணக்கைச் சில முறை புரட்டிப் போட்டது. 2000 செப்டம்பரில், பயிற்சியாளர் வாட்சன் பிரவுனின் அணி, நிக் சேபன் பயிற்றுவித்த லூசியானா மாநிலப் பல்கலைக்கழக அணியான எல்எஸ்யூவை அதன் சொந்த ஊரான பேட்டன் ரூஜிலேயே 13-10 என வென்றது. 2004இல் முதன்முறையாக, சீசன் முடிவில் நடக்கும் ‘பவுல்’ ஆட்டங்களில் ஒன்றான ஹவாய் பவுலுக்குத் தகுதி பெற்று, அங்கே ஹவாய் அணியிடம் தோற்றது.

அந்த முன்னேற்றம் நிலைக்கவில்லை. 2006 இறுதியில் பிரவுன் விலகியபோது, எல்எஸ்யூவின் தாக்குதல் பயிற்சியாளர் ஜிம்போ ஃபிஷரை நியமிக்கப் பேச்சு நடந்தது. வாரியம் அதற்கு ஒப்புதல் தரவில்லை. அதே ஃபிஷர் 2013இல் ஃபுளோரிடா ஸ்டேட் அணிக்குத் தேசிய சாம்பியன் பட்டம் பெற்றுத் தந்தார். யூஏபி நியமித்த நீல் கேலவே ஐந்து சீசன்களில் 18 ஆட்டங்களை வென்று 42 ஆட்டங்களில் தோற்றார். 2011இல் வளாகத்திலேயே 30,000 இருக்கைகள் கொண்ட மைதானம் கட்ட சுமார் 7.5 கோடி டாலரில் ஒரு திட்டம் உருவானது. அதையும் வாரியம் நிறுத்தியது. அணி பழைய லீஜன் ஃபீல்டிலேயே தொடர்ந்தது. எழுபதாயிரம் பேர் அமரக்கூடிய அந்த மைதானத்தில் பத்தாயிரம் பேர் வந்தாலும் இருக்கைகள் காலியாகவே தெரியும்.

இந்த ஆண்டுகளில் அணியை விடாமல் பின்தொடர்ந்தவர்கள் யூஏபியின் முன்னாள் மாணவர்கள். அவர்களின் எண்ணிக்கை பெரிதல்ல. இளம் பல்கலைக்கழகம் என்பதால் தாத்தா, அப்பா, பிள்ளை என வழிவழியாக வரும் ரசிகர் குடும்பங்கள் உருவாகியிருக்கவில்லை. மாணவர்களில் பலர் வீட்டிலிருந்து வந்து படித்துப் போனவர்கள். சிறுவயதிலேயே அலபாமாவையோ ஆபர்னையோ வரித்துக்கொண்டவர்கள். ஆகவே யூஏபி ரசிகராக இருப்பது, வீட்டிலும் அலுவலகத்திலும் தனித்து நிற்பதாகவே இருந்தது. ‘யூஏபியை விடுதலை செய்’ என்ற முழக்கம் இவர்களிடமிருந்து பிறந்தது. விடுதலை கேட்டது வாரியத்தின் பிடியிலிருந்து.

2014இல் பில் கிளார்க் பயிற்சியாளராக வந்தார். கூட்டம் முந்தைய ஆண்டைவிட ஏறத்தாழ இரு மடங்கானது; அணி 6 வெற்றி, 6 தோல்வியுடன் பவுல் ஆட்டத்துக்கான தகுதியை எட்டியது. ஆனால் நவம்பரிலேயே மூடல் பற்றிய பேச்சு பரவியிருந்தது. டிசம்பர் 2 அன்று பல்கலைக்கழகத் தலைவர் ரே வாட்ஸ் வீரர்களை ஓர் அறையில் கூட்டி முடிவைச் சொன்னார். ராணுவத்தில் பணியாற்றிவிட்டுப் படிக்க வந்திருந்த ஒரு வீரர் எழுந்து நின்று, குடும்பத்தோடு வெகுதொலைவிலிருந்து இந்த அணியை நம்பி வந்தவர்களின் கதி என்ன என்று அவர் முகத்துக்கு நேரே கேட்டார். அந்தக் காட்சியின் வீடியோ நாடெங்கும் பரவியது. வெளியே திரண்ட கூட்டத்தினூடே தலைவரைக் காவலர்கள் அழைத்துச் சென்றார்கள். கால்பந்தோடு ரைஃபிள் சுடுதல், பவுலிங் அணிகளும் கலைக்கப்பட்டன. 1995இல் பசிபிக் பல்கலைக்கழகம் கைவிட்டதற்குப் பிறகு, உச்ச அடுக்கில் ஒரு கல்லூரி கால்பந்தைக் கைவிட்டது இதுவே முதல் முறை.

நிர்வாகம் சொன்ன காரணம் எண்களில் இருந்தது. விளையாட்டுத் துறையின் ஆண்டுச் செலவான சுமார் 3 கோடி டாலரில் 2 கோடியைப் பல்கலைக்கழகமே கொடுத்து வந்தது. போட்டியில் நிலைக்க ஐந்தாண்டுகளில் மேலும் 4.9 கோடி தேவைப்படும் என்றது அதன் ஆலோசகர் அறிக்கை. எதிர்த்தரப்பு அந்தக் கணக்கு முறையையே கேள்வி கேட்டது. வீரருக்குத் தரும் உதவித்தொகையில் கல்விக் கட்டணம் என்ற பகுதி பல்கலைக்கழகத்தை விட்டு வெளியே போவதில்லை. விளையாட்டுத் துறையில் செலவாக எழுதப்படும் அதே தொகை கல்வித் துறையில் வரவாகிறது. வகுப்பில் ஏற்கெனவே இருக்கும் இடத்தில் கூடுதலாக ஒருவர் அமர்வதால் ஆகும் உண்மைச் செலவு மிகக் குறைவு. அணியைக் கலைத்தால் ‘கான்ஃபரன்ஸ் யூஎஸ்ஏ’ கூட்டமைப்பில் உறுப்பினர் இடமும் அதன் வருவாயும் பறிபோகும் ஆபத்தும் இருந்தது. இவற்றையெல்லாம் சேர்த்துப் பார்த்த மாற்று ஆய்வுகள், மூடுவதால் சொல்லத்தக்க மிச்சம் இல்லை என்றன.

கணக்கு விவாதத்தோடு வசூலும் நடந்தது. 2015 ஜனவரியில் பேராசிரியர் பேரவை, வாட்ஸ் மீது நம்பிக்கையில்லாத் தீர்மானம் நிறைவேற்றியது. மாணவர் பேரவையும் அப்படியே செய்தது. முன்னாள் வீரர்களும் நகரத் தொழிலதிபர்களும் பணம் திரட்டினார்கள். டஸ்கலூசாவையும் ஆபர்னையும் ஆதரித்த நிறுவனங்கள்கூட, ஊரின் பெயர் கெடக்கூடாது என்று கொடுத்தன. பர்மிங்காம் நகர மன்றம் ஆண்டுக்கு 5 லட்சம் டாலர் வீதம் ஐந்தாண்டுகளுக்குத் தர முன்வந்தது. செயல்பாட்டுப் பற்றாக்குறையை ஈடுகட்ட சுமார் 1.7 கோடி டாலருக்கு உறுதிமொழிகள் சேர்ந்த நிலையில், 2015 ஜூன் 1 அன்று வாட்ஸ் முடிவை மாற்றினார். பல்கலைக்கழகம் தன் பங்கை உயர்த்தாது, கூடுதல் தேவையை வெளியிலிருந்தே திரட்ட வேண்டும் என்பது நிபந்தனை.

அதற்குள் வீரர்களில் பெரும்பாலோர் வேறு கல்லூரிகளுக்குப் போய்விட்டார்கள். அடுத்த இரு சீசன்கள் ஆட்டமே இல்லாத பயிற்சிக் காலமாகக் கழிந்தன. இந்த இடைவெளியில், முன்பு மறுக்கப்பட்ட வசதிகள் நன்கொடையால் எழுந்தன: சுமார் 2.25 கோடி டாலரில் கால்பந்துப் பயிற்சி மையம், அதன் அருகே கூரையிட்ட பயிற்சித் திடல். 2017 செப்டம்பர் 2 அன்று அலபாமா ஏ அண்ட் எம் அணியை 38-7 என வென்ற மீள்வருகை ஆட்டத்துக்கு 45,000க்கும் மேற்பட்டோர் வந்தார்கள்.

அடுத்தடுத்து ஆறு சீசன்களில் வெற்றிகள் தோல்விகளை விஞ்சின. 2018இல் 11 வெற்றிகளுடன் கான்ஃபரன்ஸ் யூஎஸ்ஏ சாம்பியன் பட்டத்தையும், போக்கா ரட்டோன் பவுலில் அணியின் முதல் பவுல் வெற்றியையும் பெற்றது. 2020இல் மீண்டும் சாம்பியன். 2021 அக்டோபரில், சுமார் 47,000 இருக்கைகள் கொண்ட புரொடெக்டிவ் ஸ்டேடியம் பர்மிங்காமில் திறக்கப்பட்டு அணியின் புதிய களமானது. அந்த ஆண்டு இண்டிபென்டன்ஸ் பவுலில் பிரிகம் யங் அணியை 31-28 என வென்றது. முதுகுவலி காரணமாக 2022இல் கிளார்க் ஓய்வு பெற்றார்.

2023இல் ‘அமெரிக்கன்’ கூட்டமைப்புக்கு மாறிய அணி, என்எஃப்எல் முன்னாள் வீரர் டிரென்ட் டில்ஃபரின் கீழ் அந்த ஆண்டு 4, அடுத்த ஆண்டு 3 ஆட்டங்களையே வென்றது. 2025 சீசனின் நடுவில் அவர் நீக்கப்பட்டார். இதற்கிடையே செலவுக் கணக்கும் மாறிவிட்டது. 2025 ஜூலை முதல் ஒரு பல்கலைக்கழகம் தன் வீரர்களுக்கு நேரடியாகப் பணம் தரலாம்; முதல் ஆண்டில் அதன் உச்சவரம்பு 2.05 கோடி டாலர். 2014இல் தாங்க முடியாத சுமை என்று யூஏபி நிர்வாகம் காட்டிய மொத்த மானியத்துக்கு ஏறக்குறைய இணையான தொகை இது. 2015இல் நன்கொடையாளர்கள் அடைத்தது ஒருமுறை விழுந்த பள்ளம். இனி அவர்கள் முன் நிற்பது ஆண்டுதோறும் ஏறும் செலவு. பல்கலைக்கழகம் நிரந்தரமாகத் தன் பங்கை ஒதுக்காமல், ஆதரவாளர்களின் பற்றை மட்டும் நம்பி இந்தச் சந்தையில் ஓர் அணி நெடுநாள் நிற்க முடியாது.