விப்பெற் நாய் வளர்ப்பு: குட்டி ஈன வைப்பதற்கு முன் கேட்கவேண்டிய கேள்விகள்

வட இங்கிலாந்தில் உள்ள எங்கள் வீட்டில் கடந்த பத்து வருடங்களாக விப்பெற் இன நாய்கள் வளர்கின்றன. வீட்டுக்கு வரும் உறவினர்களும் நண்பர்களும் நாயைத் தடவிப் பார்த்தபின் பெரும்பாலும் ஒரே விடயத்தைத்தான் சொல்வார்கள்: "ஒருக்கா குட்டி போட வையுங்கோவன், நல்ல விலைக்குப் போகும்." நாங்கள் இதுவரை ஒரே ஒரு தடவைதான் குட்டி ஈன வைத்தோம். அந்த அனுபவத்தையும், அதற்காகத் தேடிப் படித்தவற்றையும், மிருக வைத்தியரிடம் கேட்டறிந்தவற்றையும் இங்கே தொகுத்துத் தருகிறேன். நாய் வாங்க நினைப்பவர்களுக்கும், வீட்டில் உள்ள பெட்டை நாயைக் குட்டி ஈன வைக்கலாமா என யோசிப்பவர்களுக்கும் இது பயன்படக்கூடும்.

சுரங்கத் தொழிலாளரின் நாய்

விப்பெற் நாய்கள் பிரபுக்களின் மாளிகைகளில் உருவானவை அல்ல. 19ஆம் நூற்றாண்டில் டர்ஹம், யோர்க்ஷயர், லங்காஷயர் போன்ற பகுதிகளில் நிலக்கரிச் சுரங்கங்களிலும் ஆலைகளிலும் வேலைசெய்த மக்கள் வளர்த்த நாய் இது. கிறேஹவுண்ட் நாய்க்குத் தீனி போட வசதியில்லாத குடும்பங்கள், அதே உடலமைப்பில் சிறிய நாய் ஒன்றை உருவாக்கிக்கொண்டன. வார நாட்களில் அது முயல் பிடித்துக் கொடுத்தது. ஓய்வு நாளில் பந்தயம் ஓடியது. ஏறத்தாழ 200 யார் நீளமான நேர்ப்பாதையின் மறுமுனையில் நின்று உரிமையாளர் ஒரு துணியை வீசிக் காட்ட, நாய் அதை நோக்கி ஓடும். 'ஏழையின் பந்தயக் குதிரை' என்ற பெயர் இதற்கு அப்படித்தான் வந்தது.

1888இல் அமெரிக்க கென்னல் கிளப் இதைத் தனி இனமாக ஏற்றுக்கொண்டது. அடுத்த சில ஆண்டுகளில் இங்கிலாந்தின் கென்னல் கிளப்பும் ஏற்றது. இங்கிலாந்தின் இன அளவுகோலின்படி கடுவன் நாய் 47 முதல் 51 சென்ரிமீற்றர் உயரமும், பெட்டை 44 முதல் 47 சென்ரிமீற்றர் உயரமும் இருக்கவேண்டும். மோப்பத்தைவிடக் கண்ணை நம்பி வேட்டையாடும் நாய் இது. தமிழ்நாட்டின் சிப்பிப்பாறை, கன்னி நாய்களைப் பார்த்தவர்களுக்கு இதன் ஒடுங்கிய வயிறும் நீண்ட கால்களும் புதிதாகத் தெரியாது.

புகழ்பெற்ற கிறஃப்ற்ஸ் நாய்க் கண்காட்சியில் 2018இலும் 2025இலும் முதற்பரிசு பெற்றவை விப்பெற் நாய்களே. ஓர் இனம் இவ்வாறு பிரபலமாகும்போது, அதன் குட்டிகளை விற்றுக் காசு பார்க்க வருபவர்களும் கூடுகிறார்கள்.

வீட்டில் எப்படி இருக்கும்?

மணிக்கு 50 கிலோமீற்றருக்கு மேல் ஓடக்கூடிய இந்த நாய், வீட்டுக்குள் நாளின் பெரும்பகுதியைத் தூங்கியே கழிக்கும். குரைப்பது குறைவு. நாளொன்றுக்கு ஒரு மணித்தியாலம் நடையும், வேலியடைத்த இடத்தில் ஓடவும் கிடைத்தால் போதும். ஆனால் சில விடயங்களைக் கவனிக்கவேண்டும்.

முதலாவது, குளிர். தோல் மெல்லியது, மயிர் குட்டையானது, உடலில் கொழுப்பும் குறைவு. மாரிகாலத்தில் வெளியே போகும்போது மேலங்கி வேண்டும். முட்கம்பியில் லேசாக உரசினாலே தோல் கிழியும், தையல் போடவேண்டி வரும்.

இரண்டாவது, துரத்தும் குணம். பூனையோ அணிலோ ஓடினால் நீங்கள் கூப்பிடுவது அதற்குக் கேட்காது. வீதியோரத்தில் ஒருபோதும் கயிற்றை அவிழ்க்கக்கூடாது. தலை ஒடுங்கியது என்பதால் சாதாரண கழுத்துப்பட்டி கழன்றுவிடும். அகலமான, இழுத்தால் சற்று இறுகும் பட்டியே பாதுகாப்பானது.

மூன்றாவது, எங்கள் சமையலறை. வெங்காயமும் உள்ளியும் போட்ட கறி எந்த நாய்க்கும் கேடு. பாயாசத்திலும் கேசரியிலும் போடும் பிளம்ஸ், அதாவது உலர்ந்த முந்திரிகைப் பழம், நாயின் சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்யக்கூடியது. சமைத்த கோழி எலும்பு உடைந்து குடலைக் குத்தும். பாசத்தோடு தட்டிலிருந்து ஊட்டும் அம்மம்மாவுக்கும் அப்பப்பாவுக்கும் இதைப் பக்குவமாகச் சொல்லி வைக்கவேண்டும்.

நான்காவது, வெடிச்சத்தம். இங்கே நவம்பர் 5ஆம் திகதி வாணவேடிக்கையும் தீபாவளியும் அருகருகே வரும். நாய் நடுங்கும், மூச்சிரைக்கும், கட்டிலுக்கடியில் ஒளியும். வெடிச்சத்தம் கேட்டால் உடல் விறைத்துப்போகும் மனிதர்கள் எமது வீடுகளிலும் இருக்கிறார்கள், அவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. திரைச்சீலையை இழுத்துவிட்டு, வானொலியைப் போட்டு, அது ஒளிந்த இடத்திலேயே இருக்க விடுங்கள். பயம் மிகுந்தால் மிருக வைத்தியரிடம் மருந்து உண்டு.

சத்திரசிகிச்சை தேவைப்பட்டால், தையோபென்ரோன் போன்ற பழைய மயக்கமருந்துகள் இவ்வகை நாய்களின் உடலிலிருந்து மெதுவாகவே நீங்கும். வேறு மருந்துகள் இன்று உண்டு என்றாலும், நாயின் இனத்தை வைத்தியருக்கு நினைவூட்டுவது நல்லது.

குட்டி ஈன வைப்பதற்கு முன்

பெட்டை நாய் முழு வளர்ச்சி அடையும்வரை பொறுத்திருக்கவேண்டும். முதலாவது பருவத்தில் சேர்ப்பது முறையல்ல. கென்னல் கிளப்பின் விதிகளும் இதையொட்டியே அமைந்துள்ளன: ஒரு வயதுக்கு முன் சேர்த்த பெட்டையின் குட்டிகளையும், எட்டு வயதான பின் ஈன்ற குட்டிகளையும் வழக்கமாக அது பதிவு செய்வதில்லை. ஒரு பெட்டைக்கு நான்கு ஈற்றுக்கு மேல் பதிவு இல்லை. தாய்க்கும் மகனுக்கும், தகப்பனுக்கும் மகளுக்கும், கூடப்பிறந்தவற்றுக்கும் பிறந்த குட்டிகளுக்கும் பதிவு இல்லை. இவை ஆகக் குறைந்த எல்லைகள். நல்ல வளர்ப்பாளர்கள் இவற்றுக்கு உள்ளேயே நிற்பார்கள்.

அடுத்தது பரிசோதனை. விப்பெற் நாய்களில் இதய வால்வு நோய் காணப்படுவதால், தாய் தகப்பன் இரண்டின் இதயத்தையும் சோதிக்கவேண்டும். கண் பரிசோதனையும் அவசியம்.

மரபணு விடயத்தில் இந்த இனத்துக்கு ஒரு தனிக் கதை உண்டு. தசை வளர்ச்சியைக் கட்டுப்படுத்தும் மயோஸ்ரற்றின் என்ற மரபணுவில் சில விப்பெற் நாய்களுக்கு ஒரு மாற்றம் இருப்பதை 2007இல் அமெரிக்க விஞ்ஞானிகள் வெளியிட்டார்கள். இந்த மாற்றம் ஒரு பிரதி மட்டும் இருந்தால் நாய் வேகமாக ஓடும். இரண்டு பிரதிகளும் வந்துவிட்டால் உடல் முழுவதும் தசை புடைத்த 'புல்லி விப்பெற்' பிறக்கும். ஒவ்வொரு பிரதி உள்ள இரண்டு நாய்களைச் சேர்த்தால், பிறக்கும் ஒவ்வொரு குட்டியும் அப்படி இருக்க நான்கில் ஒரு வாய்ப்பு உண்டு. அத்தகைய குட்டிகளைக் கொன்றுவிட்ட வளர்ப்பாளர்களும் இருந்திருக்கிறார்கள். வேகமான நாய் வேண்டும் என்ற மனிதனின் ஆசைக்குக் குட்டி கொடுத்த விலை அது. இன்று ஒரு சிறு மரபணுப் பரிசோதனையால் இதை முன்கூட்டியே அறியலாம்.

63 நாட்களும் எட்டு வாரங்களும்

கர்ப்பகாலம் ஏறத்தாழ 63 நாட்கள். ஈனுவதற்கு முந்திய 24 மணித்தியாலத்துக்குள் தாயின் உடல்வெப்பம் 37 பாகைக்குக் கீழே இறங்குவது வழக்கம். அந்த இரவில் யாராவது விழித்திருக்கவேண்டும். நெடுநேரம் முக்கியும் குட்டி வராவிட்டால் உடனடியாக வைத்தியரிடம் போகவேண்டும். நள்ளிரவில் வயிற்றை வெட்டிக் குட்டி எடுக்க நேர்ந்தால் செலவு ஆயிரக்கணக்கான பவுண்களில் வரும். 'நல்ல விலை' என்று கணக்குப் பார்ப்பவர்கள் இதையும், தாயையே இழக்க நேரலாம் என்பதையும் சேர்த்துக் கணக்கிடவேண்டும்.

பிறந்த குட்டிகளால் தங்கள் உடற்சூட்டைத் தாங்களே காத்துக்கொள்ள இயலாது. ஈற்றுப்பெட்டி எப்போதும் சூடாக இருக்கவேண்டும். நாங்கள் ஆறு குட்டிகளையும் காலையும் மாலையும் நிறுத்து, கொப்பியில் எழுதினோம். நிறை கூடாத குட்டிதான் முதலில் ஆபத்தில் விழும். பத்துப் பதினான்கு நாட்களில் கண் திறக்கும். மூன்று நான்கு வாரத்தில் திட உணவு தொடங்கும். பூச்சி மருந்தும் காலத்துக்குக் காலம் கொடுக்கவேண்டும்.

மூன்றாவது வாரத்திலிருந்து பன்னிரண்டாவது வாரம் வரை குட்டி உலகத்தைப் பழகும் காலம். மிக்சிச் சத்தம், சிறுவர்களின் ஆரவாரம், கதவுமணி, மெல்லிய ஒலியில் வாணவேடிக்கைச் சத்தம் எல்லாவற்றையும் பயமின்றிக் கேட்டுப் பழகவேண்டும். கொட்டகையில் அடைத்து வளர்த்த குட்டிக்கு இது கிடைப்பதில்லை. வீட்டுக்குள் வளர்ப்பதன் பெறுமதி இதுதான்.

குட்டி எங்கே போகிறது?

இங்கிலாந்தில் 2020 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ள 'லூசி சட்டத்தின்' படி, ஆறு மாதத்துக்குக் குறைந்த குட்டியை இடைத்தரகர் விற்கமுடியாது. வளர்ப்பாளரிடம் நேரடியாகவோ மீட்பு நிலையத்திலிருந்தோதான் பெறவேண்டும். பன்னிரண்டு மாதத்துக்குள் மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட ஈற்றுக் குட்டிகளை விற்பவருக்கு உள்ளூராட்சி சபையின் அனுமதிப்பத்திரம் வேண்டும். எட்டு வாரத்துக்குள் மைக்ரோசிப் பொருத்தி, வளர்ப்பாளர் தன் பெயரில் முதலில் பதிய வேண்டும்.

சட்டம் கேட்காத ஒரு விடயத்தையும் நாங்கள் ஒப்பந்தத்தில் எழுதினோம்: எந்தக் காரணத்தாலும், எந்த வயதிலும் வைத்திருக்க முடியாமல் போனால் நாய் எங்களிடமே திரும்பவேண்டும். மூன்று வருடங்களின் பின் ஒரு குடும்பம் பிரிந்தபோது, ஒரு நாய் அவ்வாறே திரும்பி வந்தது. இப்போது எங்கள் அம்மாவின் கட்டில் காலடியில்தான் அது படுக்கிறது.

இந்த நிபந்தனையைக் கேட்டவர் அம்மாதான். 1995 ஒக்ரோபர் கடைசியில் வலிகாமத்தை விட்டு வெளிக்கிட்ட இரவு, வீட்டு நாயைக் கட்டவிழ்த்து, சட்டியில் சோறு வைத்துவிட்டு வந்தோம். அன்று எங்களுக்கு வேறு வழி இருக்கவில்லை. வழி இருக்கும் காலத்தில், நாமே பிறக்க வைத்த ஓர் உயிர் போக்கிடம் இல்லாமல் நிற்கக்கூடாது என்பது அம்மாவின் நியாயம்.

விப்பெற் நாய் 12 முதல் 15 வருடங்கள் வாழக்கூடியது. ஆறு குட்டிகள் என்றால் ஆறு வீடுகளுக்கு அத்தனை வருடப் பொறுப்பு. அதை ஏற்க இயலாதவர்கள் குட்டி ஈன வைக்காமல் இருப்பதே பொறுப்பான முடிவு.

குட்டி வாங்கப் போகிறவர்கள் தாய் நாயைக் குட்டிகளோடு நேரில் பாருங்கள். இதய, கண் பரிசோதனைப் பத்திரங்களைக் கேளுங்கள். கார் நிறுத்துமிடத்தில் குட்டியைக் கைமாற்ற வருபவரிடம் வாங்காதீர்கள். "வைத்திருக்க முடியாமல் போனால் திருப்பி எடுப்பீர்களா?" என்றும் கேளுங்கள். நல்ல வளர்ப்பாளர் அதற்கு ஆம் என்று சொல்வதோடு நிற்கமாட்டார். உங்கள் வீடு, வேலை நேரம், வேலியின் உயரம் பற்றி உங்களிடமும் கேள்விகள் கேட்பார்.